நீராவி நுழையாத இடம்

நவம்பர் 2, வியாழன்

காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் திராட்சை வாசனை வந்தது. கிருமி வளர்க்கும் தட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தேன். பச்சை படர்ந்திருந்தது. சூடோமோனாஸ். பிரசவ வார்டிலிருந்து இந்த வாரம் வந்த சீழ் மாதிரிகளில் இது மூன்றாவது. மூன்றும் சிசேரியன் தையல்கள், மூன்றிலும் இதே கிருமி.

ஈரம் தங்கும் எந்த இடத்திலும் இது பிழைத்துக்கொள்ளும். குழாய் வாய், வாளி, காயாத துணி. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு வருவதுண்டு. மூன்று என்பதும் தற்செயலாக இருக்கலாம். கிருமியின் பெயரையும் எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் எழுதி அனுப்பினேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் வேலை அத்துடன் முடிகிறது.

மத்தியானம் டாக்டர் தாட்சாயணி கூப்பிட்டனுப்பினார். என் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்பதாம் தேதி வச்சுக்கலாம் மேடம். கட்டி பெருசா இருக்கு, ரத்தப்போக்கும் நிக்கல. கர்ப்பப்பையையே எடுத்துடறது நல்லது. இனி அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?" என்றார். சரி என்றேன். சாதாரண அறுவை. வாரத்துக்கு நாலைந்து செய்கிறார். இத்தனை வருடம் இதே மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வேறு எங்கே போய்ச் செய்துகொள்வது?

வீட்டில் துணி காயவில்லை. கதிரேசன் ஹாலில் மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டியிருக்கிறார். நடந்தால் சட்டைக் கை முகத்தில் படுகிறது.

நவம்பர் 4, சனி

வார்டுக்குப் போனேன். மாதிரிகள் என்னிடம் வரும். நான் அவற்றைத் தேடிப் போகிற வழக்கமில்லை.

மூன்றாவது மாதிரிக்கு உரியவள் பெயர் முனீஸ்வரி. இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். நர்ஸ் கட்டைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றேன். தையல் நடுவில் விரல் நீளத்துக்கு விட்டிருந்தது. அவள் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வலிக்கும்போது கால் விரல்கள் மட்டும் மடங்கின. குழந்தை மாமியார் மடியில். பெண். தலை நிறைய முடி.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன்.

"காலையில ரொட்டியும் பாலும். மத்தியானம் ரசஞ்சோறு" என்றாள் மாமியார்.

"பருப்பு, முட்டை எதுவும் இல்லையா?"

"என்ன தாயி இப்படிக் கேக்கீக? பருப்பு சீழ் வைக்குமே. முட்டை சொல்லவே வேணாம்."

"சீழுதான் வச்சிருச்சே" என்றாள் முனீஸ்வரி, விசிறியைப் பார்த்தபடியே. "முட்டையாவது தின்னுருக்கலாம்."

"பாத்தீகளா? வயித்துல தையல் விட்டுப் போச்சு, வாய்த் தையல் மட்டும் ஒட்டவே மாட்டேங்குது."

புண் மூடுவதற்குச் சதை வளர வேண்டும், சதை வளரப் பருப்பும் முட்டையும் மீனும்தான் வேண்டும், பத்தியம் போட்டால் புண் ஆறத் தாமதமாகும் என்று சொன்னேன். மாமியார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். முடித்ததும், "உங்களுக்கு எத்தனை பிள்ளைக?" என்றாள்.

கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அழைப்பு எதுவும் இல்லை.

நவம்பர் 6, திங்கள்

ஆபரேஷன் தியேட்டரில் மாதிரி எடுக்கப் போனேன். அங்கே பொறுப்பு சிஸ்டர் ஜெபக்கனி. சாத்தான்குளம் பக்கம். ஆள் வருமுன் குரல் வந்துவிடும்.

"வாங்க மேடம், வாங்க. வழி தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றேன்.

"போன வருசத்துல இருந்து கூப்புடுதேன், ஒரு தடவை வந்து பாருங்க, வந்து பாருங்கன்னு. ரிப்போர்ட் அனுப்பியாச்சேன்னு சொல்லுவீங்க. இப்பம் ஆபரேசன் லிஸ்டுல உங்க பேரு ஏறினதும் பஞ்சுக் குச்சியும் கையுமா வந்துட்டீங்க பாத்தீங்களா!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூட நின்ற நர்ஸ்களும் சிரித்தார்கள். குழாய்கள், கை கழுவும் தொட்டி, சோப்புக் கரைசல், ஏசியின் முகம், மேசை, விளக்கின் கைப்பிடி என்று வரிசையாக எடுத்தேன். தாட்சாயணி உள்ளங்கையை நீட்டி, "ரேகை பாத்துச் சொல்லுங்க மேடம், ஃபாரின் போவேனா?" என்றார். அதிலும் எடுத்தேன்.

லிஸ்ட் காரணமில்லை. மூன்று பேருக்கு ஒரே கிருமி என்பதுதான் காரணம். இதை சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

அறுவையைத் தீபாவளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தாட்சாயணியிடம் சொன்னேன், வீட்டில் பலகார வேலை இருக்கிறது என்று. சாயங்காலம் கதிரேசன் கடையில் அதிரசமும் முறுக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

நவம்பர் 9, வியாழன்

தியேட்டர் தட்டுகள் எல்லாம் சுத்தம். ஒரு குழாயில் மட்டும் ஏதோ வளர்ந்தது, அது வேறு கிருமி. தாட்சாயணியின் கையில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஃபாரின் யோகம் பற்றி எனக்குத் தெரியாது என்று அறிக்கையோடு சொல்லியனுப்பினேன்.

ஆனால் இன்று நான்காவது மாதிரி வந்தது. குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்ட பெரியவர். வேறு வார்டு, வேறு டாக்டர், வேறு நாள். அதே பச்சை, அதே வாசனை. இனி தற்செயல் என்று சொல்ல முடியாது. இந்த நால்வர் உடம்பையும் தொட்டது எது? எல்லோர் மேலும் விரித்த பச்சைத் துணியும், எல்லோருக்கும் எடுத்த கருவிகளும். இரண்டும் ஓரிடத்திலிருந்துதான் வருகின்றன.

ஆட்டோகிளேவ் அறை கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. பெரிய இரும்புப் பீப்பாயைப் படுக்கவைத்ததுபோல் இயந்திரம். துணிக்கட்டுகளையும் கருவிப் பெட்டிகளையும் உள்ளே அடுக்கிக் கதவை இறுக்கினால், நீராவி அழுத்தத்தோடு நிரம்பி எல்லாவற்றையும் கொன்றுவிடும். அதைப் பார்த்துக்கொள்பவர் கோட்டைச்சாமி. ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்தவர். ஒவ்வொரு சுற்றையும் "ஈடு" என்றுதான் சொல்வார், இட்லியைப்போல.

"ரெண்டாவது ஈடு இப்பத்தான் இறக்குனேன் மேடம். கோடு கறுத்திருக்கா, பாத்துக்கங்க." கட்டின் மேல் ஒட்டிய நாடாவைக் காட்டினார். சூடு பட்டால் அதன் கோடுகள் கறுக்கும். கறுத்திருந்தன. அழுத்தம் காட்டும் முள்ளும் இருக்க வேண்டிய இடத்தில்தான் நின்றதாம்.

கட்டைத் தொட்டேன். ஈரமாக இருந்தது.

"இது எப்பவும் இப்படியா?"

"மழைக்காலம்ல மேடம். எதுதான் காயுது?"

என் வீட்டுக் கொடி நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டிவிட்டு வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போனேன். கொதிக்கும் நீராவியிலிருந்து வெளியே வரும் துணிக்கு மழை பெய்வது எப்படித் தெரியும்?

நாடா கட்டுக்கு வெளியே சூடு பட்டதை மட்டும்தான் சொல்லும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஸ்போர் பட்டை வைக்க வேண்டும். எளிதில் சாகாத கிருமி வித்துகள் தடவிய சிறிய காகிதம் அது. அது செத்தால் மற்றவையும் செத்திருக்கும். ஆய்வகத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, இருப்பதிலேயே இறுக்கமான துணிக்கட்டின் நடுவில் வைத்து அடுத்த ஈட்டில் ஏற்றச் சொன்னேன்.

"உள்ள வெந்திருக்கான்னு குச்சி விட்டுப் பாக்குறீங்க" என்றார் கோட்டைச்சாமி. ஏறக்குறைய அதுதான்.

நவம்பர் 11, சனி

வேகவில்லை. பட்டையைப் போட்டு வைத்த குழாயில் ஊதா நிற ஊட்டக் குழம்பு இன்று காலை மஞ்சளாகியிருந்தது. வித்துகள் உயிரோடு இருக்கின்றன.

தாட்சாயணி இரண்டாம் மாடியில் இருந்தார். லிஃப்டுக்குக் கூட்டமாக இருந்ததால் படியேறினேன். நடுவில் சிறிது உட்கார்ந்தேன். துப்புரவு செய்யும் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

மஞ்சளான குழாயை மேசையில் வைத்து விளக்கினேன். பீப்பாய்க்குள் முதலில் இருக்கும் காற்று அடியில் உள்ள வடிகுழாய் வழியாக வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் முள் சரியாகத்தான் நிற்கும், ஆனால் காற்று தங்கிய இடத்தில் நீராவி நுழையாது. அங்கே கிருமி சாகாது, துணியும் காயாது.

தாட்சாயணி குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப நான் நல்லாத் தச்ச தையல்லதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அடுத்த நிமிடம் போனை எடுத்து, தள்ளிப்போடக்கூடிய எல்லா அறுவையையும் நிறுத்தச் சொன்னார். அவசரப் பிரசவங்களுக்கு என் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் ஊட்டக் கரைசல் தயாரிக்கும் சிறிய ஆட்டோகிளேவைக் கொடுத்திருக்கிறேன். சோதித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர் மதுரையிலிருந்து வர வேண்டும். தீபாவளி முடிந்துதான் வருவாராம்.

கிளம்பும்போது தாட்சாயணி, "உங்க முகம் வெளுத்துப் போயிருக்கு. ரத்தம் பாத்தீங்களா?" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அதிரசம் கல்போல இருந்தது.

கதிரேசன் அதைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டே, "மதுரைக்குப் போயிடலாம் மங்கை" என்றார். மின்வாரியத்தில் அவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் செய்துகொண்டாராம். ஒரு குறையும் இல்லையாம்.

"அவங்க ஆட்டோகிளேவை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நீ இங்க உள்ளதைப் பாத்துட்டியே, அது போதாதா?"

எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன். இருபத்தைந்து வருடத் திருமண வாழ்வில் அவர் என்னை வாதத்தில் மடக்குவது அபூர்வம்.

நவம்பர் 15, புதன்

இயந்திரக்காரர் வந்தார். ஐம்பது வயதுக்காரர், வாய் நிறைய வெற்றிலை. சிஸ்டர் ஜெபக்கனி துப்பிவிட்டு வரச் சொல்லி வாசலில் நிறுத்தினார். வடிகுழாயின் வாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் திருகி எடுக்க வெகுநேரம் ஆயிற்று. எடுத்ததும் அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இதுல என்னத்தக் காய்ச்சுனீங்க?"

வடிகட்டியின் துளை ஒன்றுகூடத் தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் கெட்டியான பசை, மேலே கண்ணாடிபோல ஒரு பளபளப்பு. கருகிய வெல்ல வாசனை. கத்தி முனையால் சுரண்டி வெளிச்சத்தில் பார்த்தேன். இன்னும் உருவம் போகாத ஒன்றிரண்டு பொரிகள் அதில் இருந்தன.

 கோட்டைச்சாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஆயுத பூசைக்கு வச்சது."

கதை வெளியே வந்தது. வருடாவருடம் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வெளியே ஒரு மேசையில் பொரி, கடலை, வெல்லம், பழம் படைப்பார்களாம். இந்த வருடம் பூசைக்கு வந்த மருத்துவமனை அறக்கட்டளைச் செயலாளர், உள்ளே பளபளவென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "கர்ப்பக்கிரகம் மாதிரி இருக்கேய்யா, இலையை உள்ளேயே போடுங்க" என்றிருக்கிறார். போட்டார்கள். எடுக்கும்போது இலை கிழிந்து கொட்டியது. கோட்டைச்சாமி ஈரத்துணியால் நன்றாகத் துடைத்திருக்கிறார். அடியில் இருந்த துளைகளுக்குள் போனதை யாரும் பார்க்கவில்லை. விஜயதசமி அன்று முதல் ஈட்டில் அது வெந்தது. ஒவ்வொரு ஈட்டிலும் மேலும் இறுகியது.

"பொரி உருண்டை" என்றார் இயந்திரக்காரர். "நல்ல பதம்."

"நானும் அன்னைக்கு ஒரு கை அள்ளித் தின்னேன்" என்றார் ஜெபக்கனி. "ஆண்டவரு அதை மன்னிச்சிருவாரு. அந்த நாலு பேருக்கு நான் என்ன சொல்ல?" சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 16, வியாழன்

அறிக்கை எழுதினேன். அடைப்பின் பொருள்: அரிசிப் பொரி, வெல்லம். செயலாளர் கூப்பிட்டு, "வெளிப்பொருள்னு போட்டா போதாதா மேடம்?" என்றார். பெயர் தெரிந்த பொருளை அப்படி எழுதி எனக்குப் பழக்கமில்லை என்றேன். கோட்டைச்சாமிக்கு மெமோ கொடுத்துவிடலாமா என்று கேட்டார். கொடுக்கலாம், இலையை உள்ளே போடச் சொன்னது யார் என்பதை அவர் பதிலில் எழுதுவார் என்றேன்.

செயலாளர் விசிறியைக் கூட்டி வைத்தார். மெமோப் பேச்சு அத்துடன் நின்றது. வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுவது, ஒவ்வொரு வாரமும் ஸ்போர் பட்டை வைப்பது, ஈரமாக வரும் கட்டைத் தியேட்டருக்கு அனுப்பாமல் இருப்பது என்று முடிவாயிற்று.

ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் ஏழரை.

நவம்பர் 20, திங்கள்

பழுது பார்த்த பிறகு வைத்த பட்டைகள் எல்லாம் ஊதாவாகவே இருக்கின்றன. வித்துகள் செத்துவிட்டன. கட்டுகள் உலர்ந்து வருகின்றன, வெளியே மழை விடாதபோதும்.

இன்னும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தாட்சாயணியிடம் சொன்னேன்.

"எத்தனை முறை மேடம்?"

"ஒரு தடவை."

"போன வாரமும் ஒரு தடவைன்னுதான் சொன்னீங்க. தியேட்டரைத் திறக்குறதுக்கு இது போதும். நான் மத்தவங்களுக்கு ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு எது போதும்னு எனக்குத் தெரியல." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கையில் ஊசி இருந்தது. எனக்கு இரும்புச் சத்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். "தேட வேணாம்னு நான் சொல்லல. நீங்க தேடலைன்னா இன்னும் எத்தனை பேரு... ஆனா இப்பத் தேடுறது கிருமியை இல்ல மேடம், சாக்கை."

மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கதிரேசனிடம், மதுரையில் தேதி கேளுங்கள் என்றேன். உடனே போன் செய்துவிட்டார். வியாழக்கிழமை காலை பார்க்க வரச் சொன்னார்களாம்.

நவம்பர் 21, செவ்வாய்

மதுரைக்குப் பை எடுத்து வைத்தேன். இரண்டு நைட்டி, துண்டு, ஸ்கேன், பழைய அறிக்கைகள். ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஜெபக்கனி நேரே என் அறைக்கு வந்து நின்றார். முனீஸ்வரியின் புண் இப்போது சுத்தமாகிவிட்டது, நாளை திரும்பத் தைக்க வேண்டும், அவள் மாட்டேன் என்கிறாள். "டாக்டர் சொல்லிப் பாத்தாச்சு, நானும் சொல்லிப் பாத்துட்டேன். கண்டுபிடிச்சது நீங்கதான்னு வார்டு பூராத் தெரியும். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

பொரி விஷயம் எனக்கு முன்னால் வார்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மாமியாரும் மருமகளும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சாமிக்குப் படைச்சதுல சீழ் வைக்குமா? எங்கயாச்சும் உண்டா?" என்றாள் மாமியார் என்னிடம்.

"சாமி வைக்கல அத்தை, பொரி வச்சிருக்கு" என்றாள் முனீஸ்வரி. "இதுல என்னைய வேற பருப்பைக் குடுக்காமப் பட்டினி போட்டீக."

"இப்ப முட்டை திங்கிறல்ல, பேசாம இரு."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வடிகட்டி, பட்டை, ஊதா நிறம் எல்லாவற்றையும் அவளுக்குப் புரியும்படி சொன்னேன். தைக்காமல் விட்டால் புண் தானாக மூட மாதக்கணக்கில் ஆகும், அதுவரை குழந்தையைத் தூக்க முடியாது, தழும்பும் பலமாக இருக்காது என்றேன். அவள் ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டாள். கண்ணை எடுக்கவில்லை.

"அதே ரூமா மேடம்?"

"அதே ரூம்தான்."

"அதே மிசினா?"

"ஆமாம். சரி பண்ணியாச்சு."

"முன்னாடியும் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாக." குழந்தை சிணுங்கியது. அவள் கையை நீட்டினாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டாள். "நீங்க போவீங்களா மேடம்? அந்த ரூமுக்கு? உங்களுக்குன்னு வந்தா?"

ஜெபக்கனி ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு என் தேதிகள் எல்லாம் தெரியும். மதுரை மட்டும் தெரியாது.

போவேன் என்று சொன்னேன்.

"எப்ப?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த புதன்கிழமை என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முனீஸ்வரி சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தாள். நான் விளக்கியதைக்கூட அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கமாட்டாள்.

"அப்பச் சரி" என்றாள்.

நவம்பர் 22, புதன்

முனீஸ்வரிக்குத் தையல் போட்டாயிற்று.

கதிரேசனிடம் மதுரையை ரத்து செய்யச் சொன்னேன். "ஏன்?" என்றார். சொன்னேன். "ஒரு பிள்ளை கேட்டுச்சுன்னா போயிடுவியா? நான் எத்தனை நாளாச் சொல்றேன்!" என்றார். கொஞ்ச நேரம் பேப்பரை மடக்கி விரித்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அதே பைதான்.

நவம்பர் 24, வெள்ளி

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மத்தியானம் படுத்தபடியே ஆய்வகத்துப் பெண்களுக்கு வேலை சொன்னேன். அவர்கள் சரி சரி என்று தலையாட்டினார்கள். நான் சொன்னபடி செய்வார்கள் என்று தோன்றவில்லை, ஆனால் சரியாகச் செய்வார்கள்.

நவம்பர் 28, செவ்வாய்

வார்டில் சேர்ந்தாயிற்று. சாயங்காலம் கோட்டைச்சாமி வந்து வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில முதல் ஈடு உங்களுக்குத்தான் மேடம். தனியா ஏத்தவா? வேற எதையும் கலக்காம?"

வேண்டாம், எல்லோருக்கும் எப்படியோ அப்படியே என்றேன்.

"நடுவுல பட்டை வைக்கவா?"

வைக்கச் சொல்லத்தான் வாயெடுத்தேன். பட்டையின் முடிவு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அறுவை முடிந்திருக்கும். அறிந்து என்ன செய்யப் போகிறேன்? வாரத்துக்குரிய பட்டையை நேற்றே வைத்தாயிற்று.

"வேணாம். கட்டு காஞ்சிருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க."

"அப்பளமா எடுப்பேன்" என்றார்.

நவம்பர் 29, புதன்

வளையலையும் கண்ணாடியையும் கதிரேசனிடம் கொடுத்துவிட்டேன். இதைக் கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். வரி கோணலாகப் போகிறது.

டிசம்பர் 1, வெள்ளி

எழுந்து உட்கார முடிகிறது. இருமும்போது தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். கதிரேசன் நான் இருமுவதற்கு முன்னாலேயே தலையணையோடு வந்து நிற்கிறார். எடுத்ததைப் பார்க்கிறீர்களா என்று தாட்சாயணி கேட்டாராம், மயக்கம் தெளிந்துகொண்டிருந்தபோது. வேண்டாம் என்றேனாம். எனக்கு நினைவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

புண்ணில் சீழ் வருவதானால் நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த மருத்துவமனையில் யாருக்கும் தெரியாது. நேற்றிலிருந்து கட்டின் மேல் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை சூடா வயிறு சூடா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உடம்பு வெப்பத்தைக் கதிரேசன் தெர்மாமீட்டரில் பார்க்கிறார், நானும் பிறகு ஒருமுறை பார்க்கிறேன்.

காலையில் கட்டைப் பிரிக்க ஜெபக்கனியே வந்தார். இது தியேட்டர் சிஸ்டர் செய்யும் வேலை இல்லை. ஆய்வகத்திலிருந்து மாதிரிக் குச்சி ஒன்றையும் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். "கேப்பீங்கன்னு தெரியும்" என்றார்.

பிளாஸ்திரியின் முனையைத் தூக்கும்போது கதவருகே சத்தம். முனீஸ்வரி. இன்று அவளுக்குத் தையல் பிரித்தார்களாம். குழந்தை அவள் தோளிலேயே இருந்தது. பின்னால் மாமியார், பையைத் தூக்கிக்கொண்டு.

"புதன்கிழமைன்னு சொன்னீங்களே. பண்ணிக்கிட்டீங்களான்னு பாக்க வந்தேன்."

"வெளிய நில்லு பிள்ள, கட்டு பிரிக்கேன்" என்றார் ஜெபக்கனி.

இருக்கட்டும் என்றேன்.

முனீஸ்வரி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், அன்று நான் நின்ற மாதிரி. ஜெபக்கனி கட்டை எடுத்தார். வயிற்றில் காற்றுப் பட்டது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அறையில் விசிறி இல்லை, ஏசிதான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததால் கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சை இழுத்தேன். டெட்டால் வாசனை, குழந்தையின் எண்ணெய் வாசனை. வேறு எதுவும் இல்லை என்று தோன்றியது. என் மூக்கை நான் அப்போது நம்பவில்லை.

பழைய கட்டு வாளியில் விழும் சத்தம் கேட்டது. 

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நீங்களே பாருங்க மேடம். உங்க கண்ணாடி இந்தா இருக்கு."

"நீங்க சொல்லுங்க."

ஜெபக்கனி பதில் சொல்லுமுன் முனீஸ்வரி குனிந்திருக்க வேண்டும். அவளுடைய சேலைத் தலைப்பு என் கையில் பட்டது.

"காஞ்சிருக்கு மேடம்" என்றாள். "என்னுது மாதிரி இல்ல. நல்லாக் காஞ்சிருக்கு. பொய் சொன்னா எனக்கென்ன கெடைக்கப் போகுது?"

"குச்சி வேணுமா?" என்றார் ஜெபக்கனி.

வேண்டாம் என்றேன். மாமியார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, கத்தரிக்காய் மட்டும் ஒரு மாசத்துக்குத் தொடாதீக என்றாள். முனீஸ்வரி, "அத்தை" என்றாள். புதுக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்கள். நாளைக்கு மறுபடி கட்டு மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்.